கொட்டேஷனில் ‘லைஃப்டைம் போட்டோஷாப்’: 18,000 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: ஊத்தங்கரையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடன் வாங்கி, பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் சின்னச் சின்ன விசேஷ ஆல்பமும் செய்ய ஆசை. கம்ப்யூட்டர் தருகிறவர் கொட்டேஷனில் ‘போட்டோஷாப் லைஃப்டைம், ரூ.18,000’ என்று தனி வரி போட்டிருக்கிறார். இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளே போதும் என்கிறார் ஒரு நண்பர். அதை வைத்துக்கொண்டு ஒரு வேலையும் ஓடாது என்கிறார் இன்னொருவர். எது சரி?

பதில்: மென்பொருளைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்த 18,000 ரூபாய். அப்படி ஒரு சரக்கே சந்தையில் கிடையாது. ஒரே தடவை பணம் கட்டி போட்டோஷாப்பைச் சொந்தமாக்கிக்கொள்ளும் காலம் 2012-ல் வந்த சி.எஸ்.6 பதிப்போடு முடிந்தது. 2013 முதல் புதிய பதிப்புகள் எல்லாமே சந்தாதான். கட்டுகிற வரை ஓடும், நிறுத்தினால் நின்றுவிடும். அதனால் அவர் உங்கள் கம்ப்யூட்டரில் போடப்போவது இரண்டில் ஒன்று. பூட்டை உடைத்த கிராக் காப்பியாக இருக்கும். இல்லாவிட்டால் யாரோ ஒரு கல்லூரியின் பெயரிலோ கம்பெனியின் பெயரிலோ எடுத்த கணக்கில் உங்களையும் ஓரமாக ஏற்றிவிடுவார். ஒருநாள் காலையில் அது திறக்காது. அன்றைக்கு அவர் போனையும் எடுக்க மாட்டார்.

‘ஊரில் எல்லோரும் கிராக்தானே ஓட்டுகிறார்கள்?’ என்று கேட்பீர்கள். ஓட்டுகிறார்கள், மறுக்கவில்லை. 2002-ல் வந்த 7.0 பதிப்பை இன்னமும் விடாத ஸ்டுடியோக்களை தர்மபுரியிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் கிராக் போட வருகிறவர் முதலில் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். ஆன்டிவைரஸை நிறுத்துவார். காவல் நாயைக் கட்டிப்போட்டுவிட்டு வாசல் கதவைத் திறந்து வைப்பது போலத்தான் அது. ‘ஸ்டாப்’, ‘டிஜேவியு’ என்று அழைக்கப்படும் பணயத் தீநிரல் குடும்பம் 2018-லிருந்து பெரும்பாலும் இந்தக் கிராக் வழியாகத்தான் பரவியது. அது உள்ளே நுழைந்தால் படங்கள் அத்தனையையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். தாலி கட்டுகிற படத்தை மறுபடி எடுக்க முடியாது.

சட்டமும் இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 63பி பிரிவின்படி, திருட்டுக் காப்பி என்று தெரிந்தே பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, கூடவே 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். வியாபார லாபத்துக்காக இல்லை என்றால் சிறை இல்லாமல் விடலாம் என்று அதிலேயே ஒரு சலுகை உண்டு. கடை வைத்திருக்கிற உங்களுக்கு அது உதவாது.

இதில் கடன் வேறு கலந்திருக்கிறது. பில்லில் ‘ஒரிஜினல்’ என்று எழுதி, கம்ப்யூட்டரில் கிராக் இருந்தால் மாட்டிக்கொள்வது பில் எழுதியவர் அல்ல, கடன் வாங்கிய நீங்கள். மத்திய அரசு மானியத்தோடு சுயதொழில் கடன் தரும் பி.எம்.இ.ஜி.பி. திட்டம் என்றால் மானியத் தொகை 3 ஆண்டு வைப்பில் கிடக்கும், நடுவில் நேரில் வந்தும் பார்ப்பார்கள். பார்க்க வருகிறவர் போர்டு மாட்டியிருக்கிறதா, மெஷின் இருக்கிறதா என்று எண்ணிக்கொண்டு போவார். கொட்டேஷனில் எந்த வரி உண்மை, எந்த வரி ஊதிப் பெருக்கியது என்று பணம் கொடுப்பதற்கு முன்னால் பார்க்கத்தான் ஒருவரும் இல்லை. அந்த ஓட்டையில்தான் இந்த 18,000 உட்கார்ந்திருக்கிறது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடை வாசலில் நாளைக்கு வரப்போவது என்ன வேலை? பாஸ்போர்ட் சைஸ் என்றால் 35 × 45 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 300 புள்ளி (300 டி.பி.ஐ.) என்ற கணக்கில் 413 × 531 பிக்ஸல். நான்குக்கு ஆறு அங்குலத் தாளில் எட்டுப் படம் அடங்கும். இதற்கு ஜிம்ப் தாராளமாகப் போதும். ஒரு தடவை அளவு போட்ட தாளைச் செய்து வைத்துக்கொண்டால், அப்புறம் படத்தை மாற்றுவது மட்டும்தான் வேலை. ஜிம்ப்பின் 3.0 பதிப்பு 2025 மார்ச்சில் வந்தது. செய்த திருத்தத்தைப் பின்னால் போய் மாற்றிக்கொள்ளும் வசதி அதில்தான் ஒழுங்காக வந்தது. அதனால் பழைய பதிப்பை யாராவது பென் டிரைவில் தந்தால் வாங்காதீர்கள். ஜிம்ப் டாட் ஆர்க் என்ற அதன் சொந்தத் தளத்தில் இருந்தே இறக்குங்கள். கூகுளில் தேடி, மேலே வரும் விளம்பரத்தை அழுத்த வேண்டாம். 2022-ல் ஜிம்ப் பெயரிலேயே போலி விளம்பரம் கொடுத்து, கடவுச்சொல் திருடும் நிரலை இறக்கிவிட்டார்கள்.

ஜிம்ப்பின் குறை என்ன என்றால், கை பழக நாளாகும். போட்டோஷாப்பில் பழகியவருக்குக் குறுக்கு விசைகள் எல்லாம் இடம் மாறியது போல இருக்கும். உங்களுக்குப் பழக்கமே இல்லை என்பதால் அது ஒரு குறையே அல்ல. ஆல்பத்துக்கு என்று விற்கிறார்களே, பி.எஸ்.டி. என்ற போட்டோஷாப் கோப்பு டிசைன்கள், அவற்றை ஜிம்ப்பில் திறந்தால் சில எஃபெக்ட் காணாமல் போகும் அல்லது தட்டையாகிவிடும். அந்த இடத்தில் போட்டோபி என்ற இணையதளம் கை கொடுக்கும். பிரவுசரிலேயே ஓடும், விளம்பரத்தோடு இலவசம், பி.எஸ்.டி.யை ஜிம்ப்பைவிட ஒழுங்காகத் திறக்கும். படம் உங்கள் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போவதும் இல்லை. நெட் இல்லாத நேரத்தில் மட்டும் அதை நம்பி வாடிக்கையாளரை உட்கார வைக்க முடியாது.

விண்ணப்பம் போடுகிற பிள்ளைகள் நிறைய வருவார்கள். டி.என்.பி.எஸ்.சி.க்குப் படம் 20 முதல் 50 கே.பி., கையெழுத்து 10 முதல் 20 கே.பி. இன்னொரு தேர்வுக்கு வேறு கணக்கு, ஸ்காலர்ஷிப்புக்கு மூன்றாவது கணக்கு. மோடம் காலத்து அளவைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு விதி போட்டால், கிராமத்திலிருந்து பஸ் ஏறி வருகிற பெண் என்ன செய்வாள்? படத்தைச் சுருக்கித் தர வேண்டிய வேலையை அந்த இணையதளமே செய்யலாம். செய்யாது. சரி, உங்களுக்கு அது வருமானம். ஜிம்ப்பிலும் போட்டோபியிலும் சேமிக்கும்போது தரத்தைக் குறைக்கக் குறைக்க எத்தனை கே.பி. ஆகிறது என்று அங்கேயே தெரியும்.

‘கொஞ்சம் கலராக்கிக் கொடுங்க’ என்று கேட்பார்கள். வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள், முகத்தை வெளுக்காதீர்கள். விசா படத்தில் அப்படிக் கைவைத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஜிம்ப்பை வைத்து வேலை ‘ஓடாது’ என்று அந்த இன்னொருவர் சொன்னதில் உண்மை இருக்கிற இடம் ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே அடிபட்டது. கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழ சீசனில் பெட்டி லேபிள், நோட்டீஸ், பத்திரிகை என்று ஆஃப்செட் வேலை தேடி வரும். ‘போட்டோதான் போடுறீங்களே, இதையும் முடிச்சுக் கொடுங்க’ என்பார்கள். உங்கள் திரை சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று வெளிச்சத்தில் காட்டுகிறது. ஆஃப்செட் மெஷின் நான்கு மையில் அடிக்கிறது: சியான் என்ற இளநீலம், மெஜந்தா என்ற கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு. திரையில் பளபளக்கும் பச்சையும் நீலமும் தாளில் மங்கும். அதைக்கூட வாடிக்கையாளரிடம் பேசிச் சமாளிக்கலாம். எழுத்துதான் கழுத்தை அறுக்கும். திரையில் இருக்கும் கறுப்பை அப்படியே மாற்றினால் அது கறுப்பு மை மட்டுமாக வராது. போட்டோஷாப்பின் வழக்கமான அமைப்பில் சியான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 சதவீதம் என்று நான்கு மையும் சேர்ந்துதான் அந்தக் கறுப்பு ஆகும். மைக்கு ஒன்றாக இருக்கும் நான்கு அச்சுத் தட்டில் ஒன்று இழையளவு நகர்ந்தாலும் சின்னத் தமிழ் எழுத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நிழல் விழும். பல வருஷத்துக்கு முன் ஒரு பழக்கூழ் ஆலைக்கு 5,000 லேபிள் இப்படி அடித்தேன். பெட்டியில் இருந்த முகவரியை யாராலும் படிக்க முடியவில்லை. அச்சுக்கூலி என் கையைவிட்டுப் போனது. போட்டோஷாப் இருந்தும்தான் இது நடந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஜிம்ப்பில் வேலை நடப்பது திரை நிறத்தில்தான். 3.0-ல் ஏற்றுமதி செய்யும்போது நான்கு மைக்கு மாற்றித் தரும், ஆனால் இந்த எழுத்து கறுப்புத் தட்டில் மட்டும் வரட்டும் என்று அதனிடம் சொல்ல வழியில்லை. அதனால் ஆஃப்செட் வேலை வந்தால் இப்படிச் செய்யுங்கள்: படத்தை மட்டும் நீங்கள் திருத்தி, எழுத்தில்லாமல் பிரஸ்ஸுக்குக் கொடுங்கள். வாசகத்தைத் தனியாக எழுதிக் கொடுங்கள். அங்கே டி.டி.பி. செய்கிறவர் எழுத்தைத் தனிக் கறுப்பில் வைத்துக்கொள்வார், அது அவருடைய அன்றாட வேலை. சிவகாசிக்கு அனுப்பினாலும் இதே முறைதான். மாதத்தில் பத்துப் பதினைந்து ஆஃப்செட் வேலை நிலையாக வர ஆரம்பித்த பிறகு போட்டோஷாப் சந்தா கட்டுவதைப் பற்றி யோசிக்கலாம். டிஜிட்டல் லேபில் அடிக்கும் ஆல்பத்துக்கு இந்தத் தலைவலி எதுவும் கிடையாது. அவர்கள் பெரும்பாலும் சாதாரண ஜேபெக்தான் கேட்பார்கள்.

அஃபினிட்டி என்று இன்னொரு படத் திருத்த மென்பொருள் இருப்பதையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2024-ல் அதைக் கேன்வா நிறுவனம் வாங்கியது, 2025 அக்டோபர் கடைசியில் இலவசமாக்கியது. நான்கு மை வேலை அதில் முறையாக நடக்கும். அதன் பழைய பதிப்புகளில் தமிழ் எழுத்து உடைந்து வந்தது. அதனால் எடுப்பதற்கு முன் ‘கொடியேற்றம்’ என்று அடித்துப் பாருங்கள். ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் வந்து நின்றால் சரி. பின்னால் போய்த் தொங்கினால் படத் திருத்தத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நாளைக்குப் போட்டோஷாப்புக்குச் சந்தா கட்டுவதாக இருந்தாலும் ‘வருடச் சந்தா, மாதம் மாதம் கட்டணம்’ என்ற வரியைப் பார்த்துக் கட்டுங்கள். மாதச் சந்தா என்று நினைத்து மூன்றாம் மாதம் நிறுத்தினால், மீதி மாதங்களின் தொகையில் பாதியை அபராதமாகக் கேட்பார்கள். இதை வாடிக்கையாளருக்குத் தெரியும்படி சொல்லவில்லை என்றுதான் அமெரிக்க வணிக ஆணையத்தின் பரிந்துரையில் அந்த நாட்டு நீதித்துறை 2024 ஜூனில், போட்டோஷாப்பை விற்கும் அடோபி மீது வழக்கே போட்டது.

ஆக, அந்த வரியை அடித்துவிட்டுப் புதுக் கொட்டேஷன் கேளுங்கள். அதற்குப் பதிலாக 16 ஜி.பி. ரேமும், ஒரு யு.பி.எஸ்.ஸும், படங்களைப் பிரதி எடுத்து வைக்க ஒரு தனி ஹார்ட் டிஸ்க்கும் போடச் சொல்லுங்கள். ‘சாஃப்ட்வேர் இல்லாமல் பேங்க்கில் பாஸ் ஆகாது’ என்று அவர் சொன்னால், கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்கு ஒரு நடை போய் வேறு இரண்டு கொட்டேஷன் வாங்கி வாருங்கள். ஊத்தங்கரையிலிருந்து காலையில் கிளம்பினால் சாயங்காலம் திரும்பிவிடலாம்.