கரண்ட் பில், சோலார், அரசாங்க மானியம்: மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்

வீட்டு வயரிங்கும் சோலார் பொருத்துவதும் என் தொழில். மானியம் பற்றித்தான் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கல்லடியிலிருந்து ஒரு அக்கா: சுவிஸில் இருக்கிற என் தம்பி வீட்டுச் சுவருக்கு வெப்பக்காப்புப் போட கன்டோன் (அங்குள்ள மாகாண அரசு) காசு கொடுத்ததாம். இங்கே அப்படி ஏதும் இல்லையா?

அவர் சொன்னது உண்மைதான் அக்கா. எண்ணெய், எரிவாயு மீது அறவிடும் கார்பன் வரியில் ஒரு பகுதியை, 2010 முதல் கன்டோன்கள் வழியாக வீட்டுக்காரருக்குக் கொடுக்கிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டைச் சூடாக்கும் பழைய பொயிலரைக் கழற்றி, வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே இழுத்துத் தரும் ஹீட் பம்ப் என்ற மின் இயந்திரம் போட்டால் 7,500 பவுண் கிடைக்கிறது. கனடாவில் 2021இல் தொடங்கிய 5,000 டொலர் வரையிலான மானியம் 2024இல் புது விண்ணப்பங்களுக்கு மூடப்பட்டது. பெரும்பாலும் குளிருக்கு வீட்டைச் சூடாக்க எரிக்கும் எண்ணெய், எரிவாயுவைக் குறைக்க வந்தவை.

நம் பக்கம் சாதாரண வீட்டுக்காரர் எவரும் விண்ணப்பித்துக் காசாக வாங்கக்கூடிய மானியம் இல்லை. வந்தவை பெரும்பாலும் கடன். 2017இல் ஆசிய அபிவிருத்தி வங்கி கூரை சோலாருக்கு 5 கோடி டொலர் தந்தது. அது வங்கிகள் வழியாகக் கடனாகத்தான் மக்களிடம் வந்தது. 2021இல் இந்தியா தந்த 10 கோடி டொலரும் அரசாங்கத்துக்கான கடன் வசதிதான்.

காத்தான்குடியிலிருந்து ஒரு தங்கச்சி: அஸ்வெசும நிவாரணக் காசு எடுக்கிற வீடுகளுக்கு அரசாங்கம் இலவச சோலார் கொடுக்கிறது, படிவத்துக்கு மட்டும் காசு கட்டுங்கள் என்று ஒருவர் வந்தார் அண்ணன். கட்டலாமா?

ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அரசாங்கத் திட்டம் ஒன்று வந்தால் கிராம சேவகருக்கும் பிரதேச செயலகத்துக்கும் தெரியாமல் வராது. அடையாள அட்டை, பாஸ்புக் போட்டோப் பிரதிகளையும் கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே வங்கிக்குச் சொல்லுங்கள், பொலிஸில் ஒரு முறைப்பாடும் போடுங்கள். வசதி இல்லாதவர் வீட்டைத் தேடி வந்து காசு பறிக்கிறவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தம்பி: போன மாதம் 58 யூனிட், இந்த மாதம் 66. எட்டு யூனிட்தான் கூட, பில் மட்டும் எகிறிவிட்டது. மீட்டர் பிழையா?

மீட்டர் பிழை இல்லை தம்பி. 60 யூனிட் என்பது ஒரு கோடு. அதற்குள் நின்றால் முதல் 30க்கு ஒரு விலை, அடுத்த 30க்கு ஒரு விலை, இரண்டும் குறைவு. கோட்டைத் தாண்டினால் அந்தக் குறைந்த விலைகள் இரண்டும் போய்விடும். முதல் யூனிட்டிலிருந்தே வேறு விலை, மாதாந்த நிலையான கட்டணமும் கூடும். அதனால்தான் எட்டு யூனிட் அவ்வளவு கடிக்கிறது.

இப்போது உங்கள் ஃபேனைப் பாருங்கள். பழைய சீலிங் ஃபேன் ஏறத்தாழ 75 வொட். ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம் ஓடினால் மாதம் இருபத்திரண்டரை யூனிட். பி.எல்.டி.சி. மோட்டர் உள்ள ஃபேன் 30 வொட்டில் ஓடும், அதே நேரத்துக்கு 9 யூனிட். ஒரு ஃபேனை மாற்றினாலே பதின்மூன்றரை யூனிட் குறையும், உங்கள் 66 ஐம்பத்திரண்டு ஐம்பத்துமூன்றுக்கு வந்துவிடும். விலை கூடத்தான். அதனால் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றாமல், இரவு முழுக்க ஓடுகிற படுக்கையறை ஃபேனை முதலில் மாற்றுங்கள்.

அப்புறம், வாரத்தில் ஒரு நாள் மீட்டர் இலக்கத்தைக் கலண்டரில் குறியுங்கள். ஒரு நாளைக்கு 2 யூனிட் என்ற கணக்கில் போகிறதா என்று அப்போதே தெரியும். மீட்டர் பார்க்கிறவர் 33ஆம் நாள் வந்தால் கோடு தாண்டிவிடுமே என்று பயப்பட வேண்டாம், நாட்களுக்கு ஏற்றபடி அந்த அளவும் கூடும்.

தம்பிலுவிலிலிருந்து ஒரு அம்மா: அஸ்பெஸ்டஸ் சீட் வீடு மகன். பகலில் உள்ளே இருக்க முடியவில்லை. ஏசி போடச் சொல்கிறார்கள்.

ஏசி வேண்டாம் அம்மா, முதலில் கூரையைப் பாருங்கள். சீட்டுக்கு மேலே வெயிலைத் திருப்புகிற வெள்ளைப் பெயின்ட், உள்ளே காற்றுப் போக இடம் விட்டு ஒரு சீலிங், மேற்குப் பக்கம் ஒரு மரம். இதற்கே நல்ல வித்தியாசம் தெரியும். பெயின்ட் அடிப்பவர் சீட்டைக் காய்ந்தபடி சுரண்டவோ கிரைண்டர் பிடிக்கவோ விடாதீர்கள். அந்தத் தூசி நெஞ்சுக்குக் கூடாது.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு ஆசிரியர்: மாதம் 200 யூனிட் போகிறது. 5 கிலோவொட் சோலார் போடச் சொல்கிறார்கள். கரண்ட் போனாலும் வீட்டில் லைட் எரியும்தானே?

எரியாது சேர். பெனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற பெட்டி இன்வேட்டர். பெட்டரி இல்லாத சாதாரண இன்வேட்டர், லைன் கரண்ட் போனதும் தானாக நின்றுவிடும். கம்பியில் வேலை செய்கிறவருக்கு அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். ஒரு கிலோவொட் மாதம் சுமார் 100 முதல் 120 யூனிட் தரும், மார்கழி மழையில் குறையும். உங்கள் பாவனைக்கு 2 கிலோவொட் போதும்.

மிச்சத்தை விற்கலாம் என்று 5 எடுத்தால் வாங்கும் விலையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். 2016இல் சூரிய பல சங்கிராமம் என்ற அரசாங்கக் கூரை சோலார் திட்டம் தொடங்கியபோது முதல் ஏழு வருடம் யூனிட்டுக்கு 22 ரூபா என்றார்கள். புதிதாகச் சேர்பவர்களுக்கு அந்த விலை பல முறை மாறிவிட்டது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பகலில் கூரை சோலாரை நிறுத்தி வைக்கச் சொல்லி மின்சார சபையே கேட்டது. அப்போது பகல் கரண்ட் தேவைக்கு மேல் இருந்தது. எந்த முறையில் சேர்கிறீர்கள் என்பதையும் பாருங்கள்: நெட் மீட்டரிங்கில் மிச்சத்துக்குக் காசு வராது, அடுத்த மாதத்துக்கு யூனிட்டாகச் சேரும். நெட் அக்கவுண்டிங்கில் காசு வரும். கடன் எடுக்க முன்பு, உங்கள் பகுதி டிரான்ஸ்போமரில் இன்னொரு சோலாரைச் சேர்க்க இடம் இருக்கிறதா என்று பிரதேச மின் பொறியியலாளர் அலுவலகத்தில் கேளுங்கள். அதைக் கேட்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம்.

கல்முனையிலிருந்து, கடற்கரையோர வீடு: உப்புக் காற்றுக்கு சோலார் தாங்குமா?

பெனல் தாங்கும், மலிவு ஆணி தாங்காது. தாங்கி அலுமினியம், போல்ட் துருப்பிடிக்காத உருக்கு என்று விலைமனுவிலேயே எழுதி வாங்குங்கள். பொருத்துகிறவர் நிலைபேறான வலுசக்தி அதிகாரசபையில் பதிந்தவரா என்றும் பாருங்கள்.

ஆரையம்பதியிலிருந்து ஒரு கோயில் நிர்வாகத்தினர்: கோயில்களுக்கு இலவச சோலார் என்றார்களே?

அது உண்மையான மானியம்தான். இந்தியா 1 கோடி 70 லட்சம் டொலர் கொடுத்து, 25 மாவட்டங்களிலும் 5,000 வழிபாட்டுத் தலங்களுக்குப் பெனல் போட்ட திட்டம், 2025 ஏப்ரலில் தொடக்கி வைத்தார்கள். உங்கள் கோயில் அந்தப் பட்டியலில் இருந்ததா என்று பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். போகும்போது கோயில் பதிவுப் பத்திரத்தையும் கடைசி மின் பில்லையும் கொண்டு போங்கள்.