ஒழுங்கற்ற அளவீடுகளிலிருந்து பட்டையகலம்: வாவி நீர்மட்டத்தை வைத்து ஒரு விளக்கம்

கேள்வி: மட்டக்களப்புக் கல்லடியில் வாவியோரம் நட்ட அளவுகோலில் நீர்மட்டம் குறித்து வருகிறேன். சில நாள் நாலைந்து தடவை, சில நாள் ஒன்றுமில்லை. அலம்பலால் ஓரிரு சென்ரிமீற்றர் பிசகும். இந்தச் சமிக்ஞையின் பட்டையகலத்தை, அதாவது எவ்வளவு வேகமான ஏற்ற இறக்கம் வரை அதில் இருக்கிறது என்பதை, எப்படி மதிப்பிடுவது? தானியங்கி மானி பூட்டினால் எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை பதிய வேண்டும்?

பதில்: இடைவெளிகளை நேர்கோட்டால் நிரப்பி எஃப்.எஃப்.டி (சம இடைவெளித் தரவில் எந்த வேகத்தில் எவ்வளவு ஏற்ற இறக்கம் என்று பிரித்துக் காட்டும் கணிப்பு) போட்டுவிடாதீர்கள். அந்தக் கோடு வேகமான ஏற்ற இறக்கங்களை மழுக்கிவிடும். பட்டையகலம் குறைவாகத்தான் தெரியும்.

இரைச்சலிலிருந்து, அதாவது அலம்பலால் வரும் பிசகிலிருந்து, தொடங்குங்கள். பத்து நிமிடத்துக்குள் எடுத்த சோடி அளவீடுகளைப் பொறுக்கி, வித்தியாசங்களின் வர்க்கத்துக்குச் சராசரி கண்டு, இரண்டால் வகுங்கள். அந்த நேரத்துக்குள் வாவி மட்டம் அதிகம் மாறாது. ஆகவே கிடைப்பது பெரும்பாலும் இரைச்சலின் மாறற்றிறன்தான் (சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகிறது என்பதன் அளவு). சோடிகள் இல்லையென்றால் ஒரு நாள் நின்று, நிமிடத்துக்கு ஒன்றாக இருபது தடவை வாசியுங்கள். இந்த எண் கையில் இல்லாமல் சமிக்ஞை எங்கே முடிகிறது என்று சொல்லவே முடியாது, ஏனென்றால் இரைச்சல் எல்லா மீடிறன்களிலும் (ஒரு குறித்த நேரத்தில் எத்தனை சுற்று என்பதே மீடிறன்) பரவிக் கிடக்கும்.

அப்புறம் லோம்ப்-ஸ்கார்கிள் முறை. 1976இல் லோம்பும் 1982இல் ஸ்கார்கிளும் வானியல் தரவுகளுக்காக வளர்த்தது; பைதன் நிரல்மொழியின் சைபை நூலகத்தில் இருக்கிறது. நீங்கள் அளந்த நேரங்களிலேயே ஒவ்வொரு மீடிறனுக்கும் சைன் வளையியைப் பொருத்திப் பார்த்து, நன்றாகப் பொருந்தும் இடத்தில் உச்சி காட்டும். சராசரியையும் மெதுவான போக்கையும் முதலில் கழியுங்கள். பெரிய உச்சியைப் பொருத்திக் கழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இல்லையேல் அதன் கசிவு, அதாவது அது மற்ற மீடிறன்களிலும் சிந்தும் பங்கு, உயர் மீடிறன்போலக் காட்டும். பிறகு அதே நேரங்களில், இரைச்சலின் மாறற்றிறனே உள்ள எழுந்தமான எண்களை வைத்துச் சில நூறு தடவை ஓட்டுங்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் வரும் மிக உயர்ந்த உச்சியைக் குறியுங்கள். நூற்றுக்கு ஐந்து ஓட்டம் மட்டுமே தாண்டுகிற உச்சி உயரம் எதுவோ, அதற்கு மேலே உங்கள் தரவு நிற்கும் கடைசி மீடிறன்தான் உங்களால் காட்டக்கூடிய பட்டையகலம்.

எப்போதும் காலை ஏழு மணிக்கே அளப்பவருக்கு இதுவும் உதவாது. 12.42 மணி நேர வற்றுப்பெருக்கு அவருக்கு 14.8 நாள் அலையாகத் தெரியும். உங்கள் ஒழுங்கின்மை இங்கே நன்மைதான். இரவிலும் சில அளவீடுகள் எடுங்கள், நேரத்தை நிமிடம் வரை எழுதுங்கள்.

மானிக்கு: கடைசி மீடிறன் ஆறு மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்று வந்தால், ஒரு சுற்றுக்கு இரண்டு தடவைக்கு மேல் பதிய வேண்டும் என்ற கோட்பாட்டின்படி மூன்று மணி நேரத்துக்குள் ஒரு பதிவு போதும். நான் அரை மணிக்கு ஒன்று வைப்பேன், இரைச்சலைச் சராசரியாக்கலாம். வாவி கடலோடு சேரும் பாலமீன்மடு முகத்துவாரம் மணலால் மூடியிருக்கும் காலத்தையும் வடகீழ்ப் பருவமழையில் திறந்திருக்கும் காலத்தையும் ஒன்றாகச் சேர்க்காமல், தனித்தனியே கணக்கிடுங்கள். திறந்திருக்கும்போது கிடைக்கும் பட்டையகலத்துக்கே மானியை அமையுங்கள்.