மூன்றாம் வகுப்பு அடைவுத் தேர்வில் மதிப்பெண் ஏன் சரிகிறது?

கேள்வி கடலூர் பக்கத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி பற்றியது: வாய்க்கணக்கு சரியாகச் சொல்லும் பிள்ளைகள் தாளில் கோட்டை விடுவது ஏன்?

முதலில் சதவீதத்தை நம்பாதீர்கள். வகுப்பில் 10 பேர் என்றால் ஒரே பிள்ளையின் விடை 10 சதவீதத்தைப் புரட்டிவிடும். 2024 டிசம்பர் 4 அன்று 3, 6, 9 வகுப்புகளுக்கு நடந்த தேசியக் கற்றல் அடைவு ஆய்வும் மாதிரிப் பள்ளிகளில் எடுத்ததுதான். ஒரு பள்ளியை எடைபோட அது உதவாது.

மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு, கேள்விவாரியாக யார் எந்த விடையைக் குறித்தார்கள் என்று கோடு போட்டு எண்ணுங்கள். 52 - 27 கணக்கில் 35 என்று பலர் குறித்திருந்தால், 7இலிருந்து 2ஐக் கழித்திருக்கிறார்கள். கடன் வாங்கத் தெரியவில்லை. 79 என்றால் கூட்டிவிட்டார்கள், அதாவது குறியைக் கவனிக்கவில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு. முதலாவதற்குப் பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சி போதும்: 5 கட்டு, 2 உதிரி. ஒரு கட்டைப் பிரித்தால் உதிரி 12. அதில் 7 போக 5. மீதி 4 கட்டில் 2 போக 2. விடை 25.

வாக்கியமாகக் கேட்கும் கணக்கில் மட்டும் சறுக்கினால் கேள்வியை நீங்களே வாசித்துக் காட்டுங்கள். உடனே விடை வந்தால் கோளாறு தமிழ் வாசிப்பில். தமிழக அரசின் அடிப்படைக் கற்றல் திட்டமான ‘எண்ணும் எழுத்தும்’ வகுப்பில் அந்தப் பிள்ளை அரும்பா (தொடக்க நிலை), மொட்டா (அதற்கு அடுத்த நிலை) என்று மறுபடி பார்க்க வேண்டும்.