சோம்பு வாசனை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான்கு வருடமாக லீட்ஸில் வேலை. சென்ற மாதம் மகளை யார்க் ரயில் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். நீல நிற மாலார்ட் எஞ்சினுக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றுவிட்டோம். 1938 ஜூலை 3 அன்று மணிக்கு 126 மைல் வேகத்தில் ஓடியதாம், நீராவி எஞ்சின்களில் இன்றுவரை அதுதான் உலக சாதனையாம். வீட்டுக்கு வந்து தேடினால், அது இறக்கத்தில் வந்த வேகம், உண்மையில் ஜெர்மன் எஞ்சின்தான் வேகமானது என்கிறார்கள். எது சரி?

நைஜல் கிரெஸ்லி என்ற ஒரே மனிதர் இவ்வளவு அழகான, குறையே இல்லாத எஞ்சினைத் தனியாகக் கற்பனை செய்திருக்கிறார் என்று நினைத்தால் பிரமிப்பாக இருக்கிறது. அப்படி ஒரு மேதை நம்மிடையே ஏன் வருவதில்லை? இன்னொன்று, அதே ஏ4 வகையில் 'எம்பயர் ஆஃப் இந்தியா' என்றும் ஓர் எஞ்சின் இருந்ததாமே. அதற்குப் பெருமைப்படுவதா, கோபப்படுவதா?

செ.

அன்புள்ள செ.,

உங்கள் கடிதத்தைப் படித்த நேரத்தில் வீட்டில் சோம்பு வறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறினாலே எனக்கு மாலார்ட் ஞாபகம் வந்துவிடும், பல வருடமாக இப்படித்தான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் கடைசிக் கேள்வியை முடித்துவிடுவோம். 1937ல் கட்டிய ஐந்து ஏ4 எஞ்சின்களுக்குப் பேரரசின் நாடுகளுடைய பெயர்களை வைத்தார்கள். தென்னாப்பிரிக்காவும் கனடாவும் இன்றும் இருக்கின்றன. இந்தியாவை 1964ல் ஓட்டத்திலிருந்து எடுத்து உடைத்துவிட்டார்கள். பழைய இரும்புக்குப் போனதன் மேல் என்ன கோபம், விடுங்கள்.

ஆனால் அந்த 'குறையே இல்லாத' என்ற வார்த்தையை விட முடியவில்லை. படித்ததும் சுருக்கென்றது. அரை மணி நேரம் நின்றேன் என்கிறீர்களே, ஒருமுறையாவது குனிந்து பார்த்தீர்களா? பார்த்திருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது, அது வேறு விஷயம். மாலார்டை 1938ல் இருந்த கோலத்துக்கே திருப்பியிருக்கிறார்கள். சக்கரங்களை மறைத்துக்கொண்டு பக்கத் தகடுகள் வளைந்து இறங்கும். பார்க்க அழகுதான். போர் வந்ததும் அந்தத் தகடுகளைக் கழற்றிவிட்டார்கள். பராமரிப்புக்குக் கை உள்ளே போகவேண்டுமே!

அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று பாருங்கள். பிரேக் சோதனை என்று சொல்லித்தான் வண்டியை எடுத்தார்கள். டிரைவர் ஜோ டடிங்டனுக்கு வயது 61. தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். கரி தள்ளியவர் டாமி பிரே. வேகத்தை அளக்கும் பெட்டியோடு சேர்த்து ஏழு பெட்டிகள், 240 டன். ஸ்டோக் மேட்டைத் தாண்டி இறக்கத்தில் விட்டதும் வேகம் ஏறிக்கொண்டே போய், லிட்டில் பைதமுக்கும் எசன்டைனுக்கும் இடையே உச்சத்தைத் தொட்டது. இதுவரை பலகையில் எழுதியிருப்பார்கள். அதன் பிறகு எஞ்சினைப் பீட்டர்பரோவில் கழற்ற வேண்டியதாயிற்று. நடு சிலிண்டரின் பிக் எண்ட் தீய்ந்து போயிருந்தது. சாதனை வண்டியை லண்டன் கிங்ஸ் கிராஸுக்கு இழுத்துப் போனது அட்லான்டிக் என்ற பழைய வகை எஞ்சின் ஒன்று.

பிஸ்டனிலிருந்து வரும் ராட், கிராங்கைக் கவ்விப் பிடிக்கும் இடத்துக்குத்தான் பிக் எண்ட் என்று பெயர். எஞ்சினின் முழு உதையையும் வாங்குகிற இடம். ஏ4க்கு மூன்று சிலிண்டர்கள், இரண்டு வெளியே, ஒன்று நடுவில் சட்டங்களுக்கு இடையே. ஓடும்போது அங்கே என்ன நடக்கிறது என்று எவருக்கும் தெரியாது. அதனால் நடு பிக் எண்டுக்குள் சோம்பு நெடி அடிக்கும் ஒரு குப்பியை வைத்திருந்தார்கள். பேரிங் சூடேறினால் குப்பி வாயைத் திறக்கும், வாசனை டிரைவர் மூக்குக்கு வரும். உங்கள் குறையில்லாத எஞ்சின் அப்படி ஒரு குப்பியை வயிற்றில் கட்டிக்கொண்டுதான் உலக சாதனைக்குப் போனது. இடம் தகராறு பிடித்தது என்று கட்டியவர்களுக்கே தெரியும்.

என் சித்தப்பா விழுப்புரம் ஷெட்டில் மீட்டர் கேஜ் எஞ்சினில் ஃபயர்மேனாக இருந்தவர். வண்டி நின்ற இடத்திலெல்லாம் இறங்கி, புறங்கையை ராடின் தலைமாட்டில் வைத்துப் பார்ப்பார். உள்ளங்கை மண்வாரி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போனது, அதற்குச் சூடு தெரியாது. எனக்குக் காய்ச்சல் என்றாலும் நெற்றியில் வைப்பது அதே புறங்கைதான். தார் மாதிரி ஒரு வாடை அதில் எப்போதும் இருக்கும். அவர் எஞ்சினுக்கு இரண்டே சிலிண்டர், இரண்டும் வெளியே, கை எட்டும் இடத்தில். மாலார்டின் குப்பியைப் பற்றி முதன்முதலில் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: அங்கே புறங்கை வைக்க இடம் இல்லை, அதனால் சோம்பு வைத்தார்கள்.

அந்த இடம் ஏன் சூடேறியது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் தூக்கம் வராது. வெளி சிலிண்டர்கள் இரண்டின் வால்வுகளுக்கும் தனித்தனி இயக்கம் உண்டு. நடு சிலிண்டருக்குத் தனியாக ஒன்று வைக்கவில்லை. வெளியே ஆடும் இரண்டின் அசைவையும் முன்பக்கம் இரண்டு நெம்புகோல்களால் சேர்த்து, மூன்றாவது வால்வின் அசைவை உண்டாக்கினார்கள். காகிதத்தில் பார்த்தால் கை தட்டத் தோன்றும். நெம்புகோல்கள் இருந்தது புகைப்பெட்டிக்கு அடியில், சாம்பல் விழுகிற பக்கம். மூட்டுகள் தேயத் தேய எல்லா ஆட்டமும் கூடிப்போய் நடு வால்வின் தலையில்தான் விழும். வேகம் ஏறினால் அது அளவை மீறி ஓடும், நடு சிலிண்டர் தன் பங்குக்கு மேல் உழைக்கும், அந்தச் சுமையெல்லாம் நடு பிக் எண்டில் போய் இறங்கும். வேகமாக ஓடுவதற்கென்றே கட்டிய எஞ்சினுக்கு வேகத்தில்தான் வியாதி.

கிரெஸ்லி 1941 ஏப்ரலில் இறந்தார். அடுத்த வருடமே போட்டி ரயில் கம்பெனியிலிருந்து காக்ஸ் என்பவர் வந்து பார்த்து, இந்த நெம்புகோல் ஏற்பாடு சரியில்லை என்று அறிக்கை கொடுத்தார். கிரெஸ்லியின் பதவிக்கு வந்திருந்த தாம்சன் அதைக் கையில் எடுத்துக்கொண்டார். அந்தச் சண்டையை இன்னும் முடிக்காத ஆட்கள் இங்கிலாந்தில் இருக்கிறார்கள், அதற்குள் நான் போகப்போவதில்லை. எனக்கு வேண்டியவர் 1950களில், ஏ4களைக் கட்டிய டான்காஸ்டர் பட்டறைக்கு வந்த குக். ஸ்விண்டன் பட்டறையில் வளர்ந்தவர், அதாவது இன்னொரு போட்டிக் கம்பெனியின் ஆள். எஞ்சின் சட்டங்களை ஒளியியல் கருவி வைத்து நேர்பார்க்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தார், நடு பிக் எண்டை ஸ்விண்டன் முறைக்கு மாற்றினார். ஏறக்குறைய அதோடு போயிற்று அந்த வியாதி. நெம்புகோல் கடைசிவரை அப்படியே இருந்தது.

அப்புறம் டவுன்எண்ட். கிங்ஸ் கிராஸ் ஷெட்டைப் பார்த்துக்கொண்டவர். 35 ஏ4களில் நான்கு மட்டும் பிறக்கும்போதே இரட்டைப் புகைபோக்கியோடு வந்தவை, மாலார்ட் அதில் ஒன்று. அவை நன்றாக ஓடுவதைத் தினமும் பார்த்த இந்த மனிதர் மற்றவற்றுக்கும் வேண்டும் என்று மேலிடத்தை நச்சரித்தார். 1957, 58ல் கிடைத்தது. 1935ல் ஓடத் தொடங்கிய வகை, இருபது வருடம் கழித்துத்தான் தன் முழு பலத்துக்கு வந்தது. எட்டே வருடம். 1966 செப்டம்பரில் ஸ்காட்லாந்தில் கடைசி ஏ4களையும் நிறுத்திவிட்டார்கள்.

தனியாகக் கற்பனை செய்தார் என்கிறீர்கள். அந்தப் புகைபோக்கி அமைப்புக்குக் கில்ஷாப் என்று பெயர். பின்லாந்துக்காரர் கிலாலா பாதி, பிரெஞ்சுக்காரர் ஷாப்லான் பாதி. வெளி வால்வுகளின் இயக்கம் பெல்ஜியத்து வால்ஷார்ட் தந்தது. நெம்புகோல் கணக்கில் ஹோல்கிராஃப்ட் என்பவரின் கை உண்டு. நீங்கள் மயங்கி நின்ற அந்த ஆப்பு மூக்கு, பிரான்சில் புகாட்டி கட்டிய ரயில் காரைப் பார்த்து வந்தது. தனியாக எங்கே இருக்கிறார் இதில்?

கிரெஸ்லியைத் தாழ்த்துகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள், அந்த மனிதர்மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம். லண்டனிலிருந்து எடின்பரோவரை நிற்காமல் ஓட வேண்டும் என்றால் வழியில் டிரைவர்கள் ஆள் மாற வேண்டும். அதற்காகக் கரிப்பெட்டிக்குள்ளேயே 18 அங்குல அகலத்தில் ஒரு சந்து விட்டவர் அவர். எவ்வளவு குறுகலில் மனிதன் நுழைய முடியும் என்று பார்க்க, வீட்டில் நாற்காலிகளைச் சுவரோரம் வரிசையாக வைத்துத் தானே ஊர்ந்து பார்த்தார் என்று ஒரு கதை உண்டு. வாத்து வளர்த்தவர். மாலார்ட் என்பதே ஒரு வாத்தின் பெயர்தான். 2016ல் கிங்ஸ் கிராஸில் அவருக்குச் சிலை வைத்தபோது காலடியில் வாத்து ஒன்று இருப்பதாகத்தான் திட்டம். மரியாதையாக இருக்காது என்று குடும்பத்தார் மறுக்கவே, வாத்து போய்விட்டது. எனக்கு அதில் வருத்தம். வாத்தோடு நிற்கும் கிரெஸ்லியிடம் பிக் எண்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வெறும் மேதையிடம் எப்படிக் கேட்பது?

நம்மிடையே மேதை ஏன் வரவில்லை என்று என்னிடம் இனி கேட்காதீர்கள். சித்தப்பா வேலை பார்த்த ஷெட்டில் எந்த எஞ்சினுக்கு எந்தப் பக்கம் சூடேறும் என்று மனப்பாடமாகச் சொல்லும் ஃபிட்டர் ஒருவர் இருந்தார். அவர் பெயரைச் சித்தப்பா சொல்லியிருக்கிறார். எனக்கு மறந்துவிட்டது.

அடடா, வேகத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஜெர்மனியின் 05 002 எஞ்சின் 1936 மே 11 அன்று 197 டன் வண்டியோடு மணிக்கு 200.4 கிலோமீட்டர் தொட்டது, கிட்டத்தட்ட சமதளத்தில். மாலார்டின் 126 மைல் என்பது 202.8 கிலோமீட்டர், இறக்கத்தில். இரண்டையும் ஒரே தராசில் போட முடியாது. அந்த 126ம்கூட அளவுப் பெட்டியின் காகிதச் சுருளில் ஒரு கணம் எட்டிப் பார்த்த கோடு, அவ்வளவுதான். கிரெஸ்லி 125க்கு மேல் உரிமை கொண்டாடவில்லை. எஞ்சின் மேல் 126 என்று பலகை ஏறியது 1948ல், அவர் போய் ஏழு வருடம் கழித்து. மகளிடம் 125 என்றே சொல்லுங்கள்.