சேஃப்டி ஷூ பழகினால் சரியாகிவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 43. கோவை அருகே மோட்டார் பம்ப் தொழிற்சாலை ஒன்றில் அசெம்பிளி பிரிவில் வேலை செய்கிறேன். ஷிப்ட்டில் 8 மணி நேரம், ஓவர்டைம் இருந்தால் 10 மணி நேரம் சிமென்ட் தரையில் நிற்க வேண்டும். சென்ற ஆண்டு சேஃப்டி ஷூவைக் கட்டாயமாக்கினார்கள். கம்பெனி கொடுத்த 8ஆம் நம்பரில் சுண்டுவிரல் நசுங்கிக் கால் ஆணி வந்துவிட்டது. 9ஆம் நம்பருக்கு மாற்றிக்கொண்டேன். இப்போது குதிகால் கழன்று கழன்று வருகிறது. பெருவிரல் நகமும் கறுத்திருக்கிறது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால் குதிகாலில் சுரீர் என்று வலிக்கிறது. ‘பழகினால் சரியாகிவிடும்’ என்கிறார்கள் சக தொழிலாளர்கள். பெரிய எடை விழுந்தால் ஷூவின் இரும்பே மடங்கி விரலை வெட்டிவிடும் என்றும் சொல்கிறார்கள். சூப்பர்வைசர் இல்லாத நேரத்தில் செருப்புக்கு மாறிக்கொள்கிறேன். 5 வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். வலிக்காத சேஃப்டி ஷூவை எப்படிப் பார்த்து வாங்குவது? – வாசகர், கோவை.

பதில்: கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுவதாக, அந்த வரிதான் என் கண்ணில் முதலில் பட்டது. அதற்கு வருகிறேன். அதற்கு முன் செருப்பு விவகாரத்தை முடித்துவிடுவோம். இன்றிலிருந்து அது வேண்டாம். கை தவறி விழும் பம்ப் உறைக்கு சூப்பர்வைசர் இருக்கிறாரா இல்லையா என்பது தெரியாது.

விரலை வெட்டிவிடும் என்ற பயமும் வேண்டாம். ‘ஐஎஸ் 15298 பகுதி 2’ என்ற இந்தியத் தரத்தின்படி செய்த ஷூவின் முன்பக்கக் கவசம் 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் ஏற்படும் அடி அது. மேலிருந்து மெதுவாக நசுக்கினால் ஏறத்தாழ ஒன்றரை டன் வரை தாங்க வேண்டும். அதற்கும் மேலே ஒரு சுமை வந்து கவசத்தையே மடக்குகிறது என்றால், கவசம் இல்லாத விரலின் கதி என்னவாகியிருக்கும்? இரும்புக்குப் பதிலாக ஃபைபர் கவசம் வைத்த ஷூக்களும் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன. முத்திரை உண்மையாக இருந்தால் அவையும் அதே சோதனையைத் தாண்டியவைதான். எடை குறைவு என்பதால் நாள் முழுக்க நிற்கும் உங்களைப் போன்றவர்களுக்கு அவை நல்லது.

இனி, பழகினால் சரியாகிவிடுமா என்ற கேள்வி. சாதாரணத் தோல் ஷூவுக்கு இது ஓரளவு பொருந்தும். தோல் இளகும், நம் பாதத்துக்கு ஏற்பச் சற்று விரியும். சேஃப்டி ஷூவில் விரல்கள் இருக்கும் பகுதியில் தோலுக்கு உள்ளே இருப்பது இரும்போ ஃபைபரோ ஆன கவசம். அது முதல் நாள் எப்படி இருந்ததோ, ஷூவைத் தூக்கிப் போடும் நாளிலும் அப்படியே இருக்கும். கடையில் போட்டுப் பார்க்கும்போது சுண்டுவிரலில் கவசம் பட்டால், அந்த ஷூ உங்களுக்கு ஆகாது. பழகப்போவது ஷூ அல்ல. ஆணி விழுந்து காய்த்துப்போகும் உங்கள் தோல்தான்.

8ஆம் நம்பர் கடித்ததும் 9க்குப் போனீர்கள். பெரும்பாலானவர்கள் செய்வதும் இதுதான். ஆனால் உங்களுக்குக் குறைந்தது அகலம். நீங்கள் கூட்டியது நீளம். ஒரு நம்பர் கூடினால் ஷூவின் நீளம் 8 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகக் கூடும். அகலம் அந்த அளவுக்குக் கூடாது. ஷூ மடங்கும் இடமும் உங்கள் விரல்கள் மடங்கும் இடமும் ஒன்றாக இல்லாமல் போகும். பாதம் உள்ளே முன்னும் பின்னும் வழுக்கும். முன்னால் போய் இடித்ததில் பெருவிரல் நகம் கறுத்தது; பின்னால் பிடிப்பில்லாததால் குதிகால் கழல்கிறது. உங்களுக்கு வேண்டியது 8ஆம் நம்பரிலேயே அகலமான ஷூ. சில தயாரிப்பாளர்களிடம் அகல மாதிரிகள் உண்டு, ஆனால் கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

இதில் உங்கள் பாதத்தின் மேல் தவறில்லை. செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்த பாதம் முன்புறம் விரிந்திருக்கும். சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021, 2022ஆம் ஆண்டுகளில் நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்து பார்த்தது. வெளிநாட்டு அளவுகளை வைத்துச் செய்யும் காலணிகளைவிட நம்மவர் பாதம் அகலம் என்பதுதான் அதில் தெரியவந்த முக்கியமான விஷயம்.

கடைக்கோ கம்பெனி ஸ்டோருக்கோ ஷிப்ட் முடிந்து மாலையில் போங்கள். நாள் முழுக்க நின்ற பாதம் காலையில் இருந்ததைவிடச் சற்று வீங்கியிருக்கும். வேலைக்குப் போடும் அதே சாக்ஸைப் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் ஷூவைப் போட வேண்டாம். அதன் உள்ளே இருக்கும் மெத்தையை உருவித் தரையில் வைத்து, அதன்மேல் முழு எடையும் இறங்கும்படி நில்லுங்கள். சுண்டுவிரலோ பெருவிரலின் பக்கமோ மெத்தைக்கு வெளியே பிதுங்குகிறதா என்று குனிந்து பாருங்கள். பிதுங்கினால் அந்த ஜோடியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை. நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இடம் இருக்க வேண்டும். பெருவிரல்தான் நீளம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். பலருக்கு இரண்டாவது விரல் நீளமாக இருக்கும். இரண்டு பாதமும் ஒரே அளவாக இருப்பதும் அபூர்வம். பெரிய பாதத்துக்கு ஏற்ப வாங்க வேண்டும்.

பிறகு ஷூவைப் போட்டுக்கொண்டு, கீழ்த்தட்டில் இருக்கும் போல்ட்டை முடுக்க உட்காருவீர்களே, அதே மாதிரி முன்பாதத்தை ஊன்றிக் குந்துங்கள். அப்போது கவசத்தின் பின்விளிம்பு விரல் மூட்டுகளின் மேல் அழுந்துகிறதா என்பது தெரிந்துவிடும். நிற்கும்போது சொர்க்கமாக இருக்கும் ஷூக்கள் பல இந்த ஒரு சோதனையில் தோற்றுவிடும். கவசத்தின் வடிவம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால், ஒன்று அழுத்தினால் அதே நம்பரில் வேறொன்றைப் போட்டுப் பார்க்கலாம்.

லேஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருமுறை தளர்வாகக் கட்டிவிட்டு, தினமும் செருப்பைப் போல நுழைத்துக்கொண்டு போகிறவர்கள் ஏராளம். பின்பக்கத்தை மிதித்து மடக்கி வைத்திருப்பவர்களும் உண்டு. எவ்வளவு நல்ல ஷூவும் இந்த நிலையில் நகத்தைக் கறுக்க வைக்கும். உட்கார்ந்து, குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னால் ஒட்டவைத்து, கடைசி ஓட்டை வரை லேஸை இழுத்துக் கட்டுங்கள்.

அடிப்பாகத்துக்கு வருவோம். ஷூவை இரண்டு கையாலும் பிடித்து வளைத்துப் பாருங்கள். விரல்கள் தொடங்கும் இடத்தில்தான் அது மடங்க வேண்டும். நட்டநடுவில் மடங்கினாலோ, துணியைப் பிழிவது போல முறுக்க வந்தாலோ வேண்டாம். ‘டபுள் டென்சிட்டி’ என்று விற்கப்படும் பியு (பாலியூரித்தேன் என்ற நுரைப் பிளாஸ்டிக்) சோல், அதாவது உள்ளே மென்மையாகவும் தரையைத் தொடும் பக்கம் கடினமாகவும் இருப்பது, சிமென்ட் தரைக்குப் பொருத்தம். எண்ணெயும் கூலண்ட்டும் சிந்தும் இடம் என்பதால் எண்ணெயில் கெடாத, வழுக்காத அடி வேண்டும். தரையில் இரும்புச் சுருள்கள் கிடக்குமானால், ஆணி ஏறாத தகடு வைத்த ‘எஸ்1பி’ வகையைக் கேளுங்கள். ஐஎஸ்ஐ முத்திரையும் இந்த எழுத்தும் ஷூவிலேயே பதிந்திருக்க வேண்டும். அட்டைப் பெட்டியில் மட்டும் அச்சிட்டிருந்தால் நம்பாதீர்கள். ஒரு எச்சரிக்கை: இதே ஷூவைப் பக்கத்து ஃபவுண்டரி நண்பருக்குச் சிபாரிசு செய்துவிடாதீர்கள். உருகிய இரும்பு தெறிக்கும் இடத்தில் பியு சோல் ஆகாது. சூடு தாங்கும் நைட்ரைல் ரப்பர் அடியும், லேஸ் இல்லாமல் சட்டென்று கழற்றக்கூடிய அமைப்பும் அங்கே தேவை.

மருந்துக் கடையில் தடிமனான ஜெல் இன்சோல் வாங்கி, இருக்கும் மெத்தையின் மேலேயே வைத்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. குதிகாலுக்கு இதமாக இருக்கும். ஆனால் பாதம் உயர்ந்து விரல்கள் கவசத்தின் கூரையில் உரசும். வைப்பதானால் பழைய மெத்தையை எடுத்துவிட்டு வையுங்கள். இல்லையென்றால் குதிகாலுக்கு மட்டுமான சிலிக்கான் கப் போதும்.

காலையில் வரும் அந்தக் குதிகால் வலி, நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால், உள்ளங்காலைத் தாங்கும் தசைநார்ப் பட்டை குதிகால் எலும்பில் ஒட்டும் இடத்தில் நைந்துபோவதால் வருவது. நாலு அடி நடந்தால் குறையும். நாள் முடிவில் மறுபடி ஏறும். எக்ஸ்ரேயில் எலும்பு முள் வளர்ந்திருக்கிறது என்று சொன்னால் கலங்க வேண்டாம். வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் இருக்கிறது. படுக்கையை விட்டு இறங்கும் முன்பே, ஒரு துண்டை முன்பாதத்தில் மாட்டி, முழங்காலை நீட்டியபடி உங்களை நோக்கி இழுத்து 30 விநாடி பிடியுங்கள். மூன்று முறை செய்யலாம். வேலை இடைவேளைகளில் சுவரில் கையூன்றிக் கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியைச் செய்யுங்கள். வீட்டில் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடப்பதை நிறுத்துங்கள். ‘வீட்டுக்குள் செருப்பா’ என்று முகம் சுளிப்பார்கள். வெளியே போட்டுப் போகாத ஒரு ஜோடி எம்.சி.ஆர். (மென்மையான நுண்ணறை ரப்பர்) செருப்பை வீட்டுக்கென்றே வைத்துக்கொண்டு, பூஜை அறை வாசலில் கழற்றிவிட்டால் போதும். இந்த வலி அடங்கச் சில மாதங்கள் பிடிக்கும். பொறுமையில்லாமல் ஸ்டீராய்டு ஊசிக்கு ஓடாதீர்கள்; அது சில நாட்களுக்குச் சர்க்கரையை ஏற்றிவிடும். வலி மாத்திரையையும் கடையில் நீங்களாக வாங்கித் தொடர வேண்டாம். சர்க்கரை உள்ளவரின் சிறுநீரகத்துக்கு அது நல்லதல்ல. ஐஸ் கட்டியாக உறைந்த பாட்டிலைப் பாதத்தின் கீழே உருட்டச் சொல்வார்கள். உங்கள் பாதத்தில் உணர்ச்சி சரியாக இருக்கிறது என்று சோதித்துத் தெரிந்துகொள்ளும் வரை ஐஸும் வேண்டாம், வெந்நீரும் வேண்டாம்.

இப்போது சர்க்கரை. வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்த டாக்டர் பால் பிராண்ட் வலியுறுத்திய விஷயம் இது: உணர்ச்சி மங்கிய பாதத்தில் புண் வருவதற்குப் பெரிய காயம் தேவையில்லை, ஒரே இடத்தில் தினமும் விழும் சிறிய அழுத்தமே போதும். சர்க்கரையால் நரம்பு மங்கிய பாதத்துக்கும் அதே நிலைதான். உங்களுக்கு இன்னும் வலிக்கிறது என்பது ஒருவகையில் நல்ல செய்தி. ஆனால் குதிகாலில் வலிப்பதால் விரல் நுனியிலும் உணர்ச்சி சரியாக இருப்பதாக அர்த்தமில்லை. உங்கள் மருத்துவரிடம் மோனோஃபிலமென்ட் சோதனை செய்யச் சொல்லுங்கள். மெல்லிய நைலான் இழையை உள்ளங்காலில் வைத்து அழுத்திப் பார்ப்பார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை இது கட்டாயம். கூடவே எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவையும் பார்த்துவிடுங்கள்.

ஷூவைப் போடும் முன் தினமும் உள்ளே கையை விட்டுத் துழாவுங்கள். உங்கள் வேலையில் இரும்புப் பிசிறு ஒன்று உள்ளே விழுந்து கிடப்பது சர்வ சாதாரணம். இரவில் உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடி வைத்துப் பாருங்கள், அல்லது வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். கால் ஆணியை பிளேடால் செதுக்காதீர்கள். கார்ன் கேப்பும் ஒட்டாதீர்கள்; அதில் உள்ள அமிலம் ஆணியோடு நல்ல தோலையும் அரித்துவிடும். அகலமான ஷூவுக்கு மாறினால் அழுத்தம் நின்று ஆணி தானாகவே சுருங்கத் தொடங்கும். கறுத்த நகம் வளர்ந்து வெளியேற ஒரு வருடத்துக்கு மேலாகும். கருமை நகத்தோடு முன்னால் நகராமல் அங்கேயே நின்றாலோ, நகத்தைச் சுற்றியுள்ள தோலுக்குப் பரவினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

சாக்ஸில் சிக்கனம் வேண்டாம். வெளிர் நிறத்தில், உள்ளே தடித்த தையல் இல்லாததாக வாங்கினால், கசிவோ ரத்தமோ உடனே கண்ணில் படும். மதிய உணவு நேரத்தில் ஒரு ஜோடி மாற்றுங்கள். விரல் இடுக்கில் சேற்றுப்புண் வந்தால் கடைக்காரர் கொடுக்கும் கலவை க்ரீமைத் தடவ வேண்டாம். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அரிப்பு அடங்கும், ஆனால் பூஞ்சை உள்ளுக்குள் பரவிக்கொண்டிருக்கும். ஷூவே இரண்டு ஜோடி இருந்து மாற்றி மாற்றிப் போட முடிந்தால் மிகவும் நல்லது. ஒருநாள் முழுக்க உலர்ந்தால்தான் உள்ளே ஊறிய வியர்வை போகும்.

பணம் யார் கொடுப்பது என்று கேட்பீர்கள். பாதுகாப்புக் காலணி தருவது நிர்வாகத்தின் பொறுப்பு. காலுக்குச் சேராத ஷூவைக் கொடுத்துவிட்டுக் கணக்கில் எழுதிக்கொள்வது அந்தப் பொறுப்பில் அடங்காது. உங்கள் மருத்துவரிடம் ‘சர்க்கரை நோயாளி, அகலமான சேஃப்டி ஷூ தேவை’ என்று இரண்டு வரி எழுதி வாங்கி, சேஃப்டி ஆபீசரிடம் கொடுத்து, நகலில் கையெழுத்துப் பெற்றுக்கொள்ளுங்கள். நின்று வேலை செய்பவர்களுக்கு இடையிடையே உட்கார வசதி செய்து தர வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்த விஷயம்; அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது உண்டு. ஒரு ஸ்டூலும், நிற்கும் இடத்தில் ஒரு ரப்பர் விரிப்பும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.

புது ஷூ வந்ததும் நேராக ஷிப்ட்டுக்குப் போட்டுப் போகாமல், இரண்டு மூன்று நாள் மாலையில் வீட்டில் ஒரு மணி நேரம் போட்டு நடந்து, கழற்றியதும் பாதத்தைப் பாருங்கள். சிவந்த தடம் 20 நிமிடத்துக்குள் மறையாவிட்டால் ஷூவை மாற்றிக் கேளுங்கள். கொப்புளமோ, ஆறாத புண்ணோ, வலியே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சூடாகி வீங்குவதோ இருந்தால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.