கப்பலேறிய கொள்ளையர்கள்

கேள்வி: வழிப்பறி செய்த ஆங்கிலேயர்களைத் தூக்கிலிடாமல் கப்பலேற்றியது ஏன்? பினாங்கிற்கும் கைதிகள் வந்ததாக எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்கிறார்களே?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: வழிப்பறிக்குச் சட்டப்படி தூக்குதான், ஆயினும் பலருக்கு மன்னரின் கருணை என்ற பெயரில் அதனை 7 ஆண்டு, 14 ஆண்டு அல்லது ஆயுள் முழுவதும் நாடு கடத்தலாக மாற்றினார்கள். அதுவரை கைதிகளை அனுப்பிவந்த அமெரிக்கா கைநழுவிப் போனபின் சிறைகள் நிரம்பி வழியவே, 1787 மே மாதம் 11 கப்பல்கள் போர்ட்ஸ்மத்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டன. 1868 வரை ஏறத்தாழ 162,000 பேர் அங்கே அனுப்பப்பட்டனர். புறப்படுமுன் சிலர் செப்புக் காசைத் தேய்த்து வழவழப்பாக்கி, தம் பெயரையும் பிரிவுச் சொற்களையும் அதில் பொறித்து உறவினரிடம் கொடுத்தார்கள். அந்தக் கருணையின் இலட்சணத்தை அக்காசே சொல்லிவிடுகிறது. பெரியவர்கள் சொல்வதும் உண்மையே, ஆனால் பினாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் வந்தவர்கள் இந்தியக் கைதிகள்; சிங்கப்பூரின் புனித அந்திரேயா பேராலயம் அவர்கள் உழைப்பில் எழுந்தது.