முன்குறிச்சாச்சுன்னா நமக்கு என்ன வேலை? கிருபை பத்தி கேள்வி பதில்

கேள்வி: பிரதர், யார் இரட்சிக்கப்படுவாங்கன்னு தேவன் முன்னாடியே குறிச்சிட்டார்னா சுவிசேஷம் எதுக்கு சொல்லணும்? வீட்லயே உக்காந்துடலாமே?

பதில்: வாரத்துக்கு ஒருத்தராவது இத கேட்டுடுறாங்க. அப்போஸ்தலர் 27 எடுங்க. புயல்ல மாட்டுன கப்பல், 276 பேர், ஒரு உயிர் கூட போகாதுன்னு தேவதூதன் பவுல்ட்ட சொல்லியாச்சு. ஆனா கப்பலாளுங்க நங்கூரம் போடப் போறோம்னு சாக்கு சொல்லி படகை இறக்கி நைசா நழுவப் பாக்குறப்ப அதே பவுல், இவங்க கப்பல்ல இல்லன்னா நீங்க தப்பிக்க மாட்டீங்கன்றார், உடனே சேவகருங்க கயித்த அறுத்து படகை விட்டுடுறாங்க. அந்தக் கயித்த அறுத்ததும் தேவனோட திட்டத்துக்குள்ளதான். கொரிந்துலயும் இதே கதைதான், ‘இந்தப் பட்டணத்துல எனக்கு அநேக ஜனங்க உண்டு’ன்னு கர்த்தர் சொன்னதும் பவுல் மூட்டைய கட்டல, ஒன்றரை வருஷம் அங்கேயே இருந்து போதிச்சார்.

கேள்வி: யோவான் 6:44ல பிதா இழுக்காம யாரும் என்கிட்ட வர முடியாதுன்னு இயேசு சொல்றாரே, அந்த இழுக்கிறதுன்னா அன்பா கூப்பிடுறதுதானே?

பதில்: கிரேக்கத்துல அங்க இருக்கிற அதே வினைச்சொல்தான் யோவான் 21ல 153 மீனோட வலையை கரைக்கு இழுக்குறப்பவும் வருது, பிலிப்பியில பவுலையும் சீலாவையும் சந்தைவெளிக்கு இழுத்துட்டுப் போறப்பவும் வருது. வலைய யாரும் வா வான்னு கூப்பிடுறதில்ல பாருங்க. ஆனா 12:32ல ‘எல்லாரையும்’ இழுத்துக்குவேன்னு இயேசு சொல்ற இடத்துலயும் அதே சொல்தான், ஆர்மினியன் பக்கத்து ஆளுங்க, அதாவது கிருபைய மனுஷன் ஏத்துக்கவும் மறுக்கவும் முடியும்னு சொல்றவங்க, அங்கதான் பிடிப்பாங்க, பிடிக்கவும் நியாயம் இருக்கு. யூதர் மட்டுமில்ல எல்லா ஜாதியாரும்னு நான் அத வாசிக்கிறேன், ஏன்னா கொஞ்சம் முன்னாடி 12:20லதான் கிரேக்கர் சிலர் அவர பாக்கணும்னு வந்து நிக்கிறாங்க.

கேள்வி: பாஸ்டர், முன்குறிப்பு, கிருபை பத்தி கால்வினிசத்தோட அஞ்சு பாயிண்ட்னு சொல்றாங்களே, அது சீர்திருத்தவாதி கால்வினே எழுதினதா?

பதில்: நான் பாஸ்டர் இல்லங்க, சண்டே ஸ்கூல் வாத்தியார். கால்வின் 1564லயே இறந்துட்டார். ஆர்மினியன்ங்கிற பேருக்குக் காரணமான டச்சு போதகர் ஆர்மினியஸ் இறந்த மறுவருஷம், 1610ல, அவர் பக்கத்துக்காரங்க அஞ்சு கட்டுரை கொடுத்தாங்க, நெதர்லாந்துல டார்ட்ங்கிற ஊர்ல 1618-19ல கூடின சபைச் சங்கம் அதுக்குப் பதில் எழுதுச்சு. அவங்க அஞ்சு சொன்னதாலதான் இவங்களும் அஞ்சு.

கேள்வி: ஆர்மினியன்காரங்களோட ஐக்கியம் வெச்சுக்கலாமா?

பதில்: தாராளமா. ஆர்மினியன் பக்கத்து பிரசங்கியார் வெஸ்லியும் கால்வின் பக்கத்து பிரசங்கியார் விட்ஃபீல்டும் இதுக்காக அவ்ளோ மோதினாங்க, 1770ல விட்ஃபீல்ட் இறந்தப்ப லண்டன்ல நினைவுப் பிரசங்கம் பண்ணினதே வெஸ்லிதான்.

கேள்வி: அண்ணா, நான் தெரிந்துகொள்ளப்பட்டவதானான்னு, அதாவது தேவன் இரட்சிப்புக்கு முன்குறிச்சவதானான்னு பயமா இருக்கு. ராத்திரி தூக்கமே வரல.

பதில்: தங்கச்சி, அந்த லிஸ்ட நமக்கு யாரும் காட்டல, தேடவும் சொல்லல. கால்வினே கிறிஸ்துவதான் கண்ணாடின்னார், அவர பாத்துதான் உன் தெரிந்துகொள்ளுதல தெரிஞ்சுக்கணும். ‘என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை’ன்னு யோவான் 6:37 சொல்லுது, வந்துட்டியா இல்லியா அத மட்டும் பாரு. பயம் போற வரைக்கும் ராத்திரில தேவன் தெரிஞ்சுக்கிறத பத்திப் பேசுற ரோமர் 9 வேணாம்மா, தேவ அன்ப விட்டு எதுவும் நம்மள பிரிக்காதுன்னு சொல்ற 8லயே கொஞ்ச நாள் இரு.